ஒரு லாரி டிரைவரின் போர்க்காலக் காகிதங்கள்: நாங்குநேரிப் பக்கத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வருபவர் இரண்டாம் உலகப்போரில் பட்டாளத்து லாரி ஓட்டியவர். ஊர் நாங்குநேரி தாலுகாவில், குளத்துப் பாசனத்தை நம்பிய ஒரு சிற்றூர். 1942-ல் சேர்ந்தார், 1946-ல் திரும்பினார், 1979-ல் காலமானார். குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் பெயரும் ஊரும் இங்கே இல்லை. பெரியவர் என்றே குறிப்பிடுகிறேன்.

என்னிடம் வந்தவர் அவருடைய பேரன். சென்னையில் வேலை. "அண்ணாச்சி, தாத்தா கோஹிமா சண்டையில மாட்டி, காணாமப் போயி, அப்புறம் வந்து சேந்தவங்க. அதுக்கு ஆதாரம் மட்டும் எடுத்துக் குடுங்க" என்றார். அவர் கையில் இருந்த ஆதாரம் ஒரே ஒரு கணக்குதான். பழைய வீட்டில் ஒரு குத்துக்கம்பியில் மணியார்டர் துண்டுகள் இருக்கின்றன. தாத்தாவின் சம்பளத்திலிருந்து மாதாமாதம் வீட்டுக்கு வந்த பணத்தின் துண்டுகள். கடைசித் துண்டு 1944 ஜூன். இன்றைய நாகாலாந்தில் உள்ள கோஹிமாவை ஜப்பான் படை முற்றுகையிடத் தொடங்கியது 1944 ஏப்ரல் 4. அந்தப் பக்கத்துச் சண்டை ஜூன் வரை ஓடியது. ஜூனோடு பணமும் நின்றுவிட்டது என்றால் ஆள் அங்கேதான் சிக்கியிருக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

இப்படி வருகிறவர்கள் எல்லோரும் சண்டையைத் தேடித்தான் வருகிறார்கள். ஆனால் சாதாரணச் சிப்பாய் வீட்டுக் காகிதங்களில் சண்டை மிகக் குறைவு. இருப்பதெல்லாம் சம்பளம், பிடித்தம், யாருக்கு எவ்வளவு, வந்ததா வரவில்லையா என்பதுதான். அதனால் நான் முதலில் பணத்தைப் பற்றித்தான் கேட்பேன். இந்த வீட்டிலும் அப்படித்தான் தொடங்கினேன். கேட்ட கேள்விக்குப் பதில் வந்ததும் அந்த வழியாகத்தான்.

மூன்று வீடுகளில் கிடந்தவை

காகிதங்கள் ஒரே இடத்தில் இல்லை. பெரியவரின் மகள் ஊரிலேயே இருக்கிறார். கடிதங்கள் அவரிடம், ஓலைப் பெட்டியில். மெடல்களும் டிஸ்சார்ஜ் புத்தகத்தின் ஜெராக்ஸும் தூத்துக்குடியில் மூத்த மகன் வீட்டில். குத்துக்கம்பி பெரியவரின் தம்பி வழியினர் இருக்கும் பழைய வீட்டில், தார்சாவின் மூலையில், அரிசி ஆலை ரசீதுகளோடு தொங்கிக்கொண்டிருந்தது. பெரியவரின் தகப்பனார் கடைசி வரை அந்த வீட்டில்தான் இருந்தார் என்பது பிறகு முக்கியமாகிறது.

டிஸ்சார்ஜ் புத்தகத்தின் அசல் போய்விட்டது. உலகப்போரில் பணியாற்றி ஓய்வூதியம் இல்லாதவர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் தமிழ்நாடு அரசு மாதாந்திர உதவித்தொகை தருகிறது அல்லவா, அதற்கு மனுப் போடும்போது பெரியவரின் மனைவி அசலையே ஓர் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறார். திரும்ப வரவில்லை. யாரோ புத்திசாலித்தனமாக ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்ததால் பிழைத்தோம். அதையும் பாளையங்கோட்டையில் ஒரு கடையில் லேமினேஷன் பண்ணி வைத்திருந்தார்கள். லேமினேஷன் பண்ணிய காகிதத்தை இனி பிரிக்க முடியாது. ஜெராக்ஸாக இருந்ததால் நஷ்டம் பெரிதில்லை. அசல்களை அப்படிச் செய்து கொண்டுவருகிறவர்களைப் பார்த்தால்தான் வயிறு எரியும். செலோடேப்பும் அப்படித்தான். சில வருஷத்தில் பிசின் பழுத்து, எழுத்தையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

மெடல்கள் மூன்று: 1939-45 ஸ்டார், பர்மா ஸ்டார், வார் மெடல். பர்மா ஸ்டாரின் ஒரு முனையில் அரம் போட்ட தடம் இருந்தது. பொன் நிறத்தில் இருக்கிறதே என்று யாரோ ஆசாரியிடம் கொண்டுபோயிருக்கிறார்கள். செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம் அது, ஆசாரி ஏமாறவில்லை. போகட்டும், அதனால்தான் மெடல் வீட்டில் தங்கியது.

பேரனுக்கு பர்மா ஸ்டாரே போதுமான சாட்சியாகப் பட்டது. ஆனால் அந்த மெடல் பர்மாவுக்குள் சண்டை போட்டவர்களுக்கு மட்டும் கொடுத்ததில்லை. குறிப்பிட்ட காலங்களில் அசாமிலும் வங்காளத்திலும் பணி செய்தவர்களுக்கும் உண்டு. மெடலை வைத்து ஆள் எந்தப் பக்கம் போனார் என்று சொல்லலாம், என்ன செய்தார் என்று சொல்ல முடியாது.

ஓலைப் பெட்டியைத் திறந்ததும் மகள் சொன்னது: "அய்யா இருக்கையில இதத் தொட விட மாட்டாவ. அம்மைதான் வசம்பு போட்டுப் போட்டு வச்சிருந்தா." வசம்பு வேலை செய்திருக்கிறது, ராமபாணப் பூச்சி அரித்தது நான்கைந்து தாள்கள்தான். குண்டூசிகள்தான் துருப்பிடித்துக் கறையாகி இருந்தன. கடிதங்கள் 34. உறைகள் 11. மற்ற உறைகள் என்ன ஆயின என்று கேட்டால், தபால் தலை இல்லாத உறை எதுக்கு என்று அடுப்பெரிக்கப் போட்டதாகச் சொன்னார். போர்முனை கள அஞ்சலகம் வழியாக வந்தவற்றில் தபால் தலைக்குப் பதிலாக 'ஆன் ஆக்டிவ் சர்வீஸ்' என்று எழுதியிருக்கும். தபால் தலை சேர்க்கும் பிள்ளைகளுக்கு அது உதவாது. எனக்கோ கடிதத்தைவிட உறை பெரிது.

கம்பியை நான் கம்பியோடுதான் படம் எடுத்தேன். குத்திக் குத்தி வைத்தது என்பதால் அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. உருவிவிட்டால் அந்த வரிசை போய்விடும். பக்கவாட்டில் ஒரு படம், பிறகு மேலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளி இரண்டு பக்கமும் படம், எண் போட்டுக் குறிப்பு. பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து எடுத்தால் இப்போதுள்ள போனே போதும். கடிதங்களையும் அப்படியே, பெட்டியில் கிடந்த அடுக்கைக் கலைக்காமல். தேதிவாரியாக அடுக்கிவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். முதலில் கிடந்தபடி பதிவு, அடுக்குவது எல்லாம் பிறகு கணினியில்.

கடிதங்கள்: மூன்று கையெழுத்து, ஒரு ஆள்

பெரியவருக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. சேரும்போது கையெழுத்துக் கூடப் போடத் தெரியாது. 34 கடிதங்களும் கூட இருந்தவர்கள் எழுதிக் கொடுத்தவை. கையெழுத்தைப் பார்த்துப் பிரித்தால் மூன்று பேர் தெரிகிறார்கள்.

முதல் ஆள் பழைய பாணி. பிள்ளையார் சுழி, 'தேவரீர் அய்யா அவர்களுக்கு', 'இவ்விடம் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்துக்கு எழுதவும்', பிறகு 'நிற்க'. அந்த நிற்க-வுக்கு அப்புறம்தான் விஷயமே வரும். ஒன்றைத் தருகிறேன்:

"நிற்க. மாசம் எட்டு ரூபாய் தங்கள் பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வந்து சேர்ந்ததா என்று தெரியப்படுத்தவும். பிசானம் எப்படி. பெரிய குளம் பெருகினதா. செவலைக் காளையை விற்க வேண்டாம்."

இரண்டாவது ஆள் வந்ததும் கடிதமே வேறு மாதிரி ஆகிறது. பிள்ளையார் சுழி காணோம். 'கர்த்தருடைய கிருபையால் இவ்விடம் சுகம்' என்று தொடங்குகிறது. இதை வாசித்துக் காட்டியபோது மகள் திடுக்கிட்டுவிட்டார். "ஏய்யா, அய்யா அங்க போயி வேதத்துல சேந்துட்டாவளா? எங்ககிட்ட சொல்லவே இல்லையே!" பெரியவர் சேரவில்லை, எழுதிக் கொடுத்தவர் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். நாசரேத்து, மெஞ்ஞானபுரம் பக்கம் மிஷன் பள்ளிகளில் படித்த பையன்கள் நிறையப் பேர் இருந்த காலம், எழுதத் தெரிந்தவனைத் தேடிப் போனால் அப்படி ஒருவர் கிடைப்பது இயல்புதான். விஷயத்துக்கு வந்துவிட்டால் அதே காளை, அதே குளம், அதே பணம்.

மூன்றாவது கையெழுத்து அவசரக் கை, பென்சில், எழுத்துப் பிழை ஏராளம்.

கையெழுத்து எங்கே மாறுகிறதோ அங்கே ஆள் இடம் மாறியிருக்கிறார், அல்லது எழுதுகிறவர் மாறிப் போயிருக்கிறார். தேதி இல்லாத கடிதங்களுக்கு இது பெரிய உதவி. தேதி இருப்பவற்றிலும் ஆங்கிலத் தேதி பாதிதான். மீதி 'சுபானு வருஷம் தை', 'தாரண வருஷம் ஆடி' என்று. தாரண வருஷம் 1944 ஏப்ரலில் பிறந்தது, அடுத்தது பார்த்திப. பிசானம், கார் என்பவை எங்கள் பக்கத்து நெல் போகங்கள். பிசானம் அறுப்பு, கார் நடவு என்று கேள்வி வரும் கடிதங்களையும் பயிர்க் கணக்கை வைத்து மாதத்துக்குள் அடக்கிவிடலாம். அறுப்பு மாசியில் முடிந்திருக்கும், அது அவருக்குத் தெரியும்; பங்குனியில் உட்கார்ந்துகொண்டு 'பிசானம் நட்டாயிற்றா' என்று எந்த விவசாயி மகனும் கேட்கமாட்டான்.

கடிதங்களில் ஊர்ப்பெயர் ஒன்றுகூட இல்லை. இடம், யூனிட் எங்கே நகர்கிறது, எத்தனை பேர் செத்தார்கள் என்பதெல்லாம் எழுதக் கூடாது. அதிகாரி படித்துவிட்டு சென்சார் முத்திரை போட்ட பிறகுதான் கடிதம் கிளம்பும். மூன்று கடிதங்களில் கத்தரித்த ஓட்டை இருக்கிறது. தாளின் இரண்டு பக்கமும் எழுதியதால், வெட்டிய பக்கத்தில் ஓர் இடப்பெயர் போனதோடு மறுபக்கத்தில் அரிசி விலையைப் பற்றிய வரியும் போய்விட்டது. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் ரங்கூன் அரிசி வருவது நின்றுபோய், சென்னை மாகாணம் முழுக்க அரிசித் தட்டுப்பாடு. அந்த வரி இருந்திருந்தால் நமக்கு உபயோகமாக இருந்திருக்கும்.

இடத்தைச் சொல்வது உறைதான். ஒவ்வொரு கள அஞ்சலகத்துக்கும் ஓர் எண் உண்டு, முத்திரையில் ஊர் இருக்காது, எண்ணும் தேதியும் இருக்கும். எந்த எண் எந்த மாதத்தில் எங்கே இருந்தது என்று தபால் முத்திரை சேகரிப்பவர்கள் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். வரலாற்றுக்காரர்களைவிட அவர்கள் இதில் கெட்டிக்காரர்கள். 11 உறைகளில் 9-ல் எண் தெளிவாக இருந்தது. 1944 ஜூன் வரை ஒரே எண், பீகாரில் ராஞ்சிப் பக்கம். ஜூலைக் கடைசியிலிருந்து வேறு எண், அசாமில் மணிப்பூர் ரோடு. மணிப்பூர் ரோடு என்பது திமாப்பூர் ரயில் நிலையத்துக்கு அப்போது இருந்த பெயர்.

அப்படியானால் முற்றுகை நடந்த ஏப்ரலில் பெரியவர் ராஞ்சியில் இருந்திருக்கிறார்.

அரசாங்கக் காகிதங்கள்

பேரன் இதற்குள் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலைத் தேடிப் பார்த்து, பெயர் இல்லை என்று சோர்ந்திருந்தார். பிழைத்து வந்தவர் பெயர் அதில் இருக்காது. 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை பணியில் இறந்தவர்களுக்கான பட்டியல் அது. இறந்தவரைத் தேடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு: நம்மூர்க்காரர் என்றால் மாவட்டத்தை 'டின்னவெல்லி' என்று பழைய எழுத்துக்கூட்டலில் போட்டுத் தேட வேண்டும். கோஹிமாவில் கல்லறைகளைத் தவிர, எரியூட்டப்பட்ட இந்து, சீக்கியச் சிப்பாய்கள் 917 பேருக்குத் தனி நினைவுச் சின்னம் இருக்கிறது. கல்லறையை மட்டும் தேடிவிட்டுத் திரும்பிவிடக் கூடாது.

உயிரோடு திரும்பியவர்களுக்கு வழி வேறு. லண்டனில் தேடிப் பயனில்லை. இந்தியச் சிப்பாய்களின் பணி ஆவணம் அந்தந்தப் படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸில்தான். மதராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன், மதராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூர் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம். எந்த ஆபீஸ் என்று தெரிய, ராணுவ எண் வேண்டும். பெயரை மட்டும் எழுதிப் போட்டால் ஒன்றும் நடக்காது, ஏனென்றால் பெயரை ஆள் எடுத்த குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். இந்தப் பெரியவரின் பெயர் மணியார்டர் துண்டில் ஒரு மாதிரி, டிஸ்சார்ஜ் ஜெராக்ஸில் ஒரு மாதிரி. மெடலின் விளிம்பில் பொறித்திருப்பது மூன்றாவது மாதிரி. எண் மட்டும் மூன்றிலும் ஒன்று. எண்ணுக்கு முன்னால் இருந்த எழுத்துகள் ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோரின் மோட்டார் பிரிவைக் காட்டின. அந்தக் கோர்தான் இன்றைய ஆர்மி சர்வீஸ் கோர்.

ஓய்வூதியம் இல்லாமல் வெளியேறியவர்களின் பணி ஆவணத்தை 25 வருஷத்துக்குப் பிறகு அழித்துவிடலாம் என்பது ராணுவ விதி. 1946-ல் வீட்டுக்கு அனுப்பப்பட்ட லட்சக்கணக்கானவர்கள் அந்த ரகம். ஆனால் லாங் ரோல் என்ற பெரிய பேரேடு அழியாது, அது நிரந்தரம். ஆகவே மனுவில் 'பணி ஆவண நகல் வேண்டும்' என்று மட்டும் கேட்டால் 'அழிக்கப்பட்டுவிட்டது' என்று ஒரு வரியில் பதில் வந்துவிடும். 'லாங் ரோலில் உள்ள பதிவின் நகல் வேண்டும்' என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்கு போஸ்டல் ஆர்டர், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, எண் தெரியும் காகிதம் ஒன்றின் நகல், இவ்வளவுதான். மகள் பெயரில் மனு போனது. லாங் ரோலில் இருந்த விவரம் வந்தது: எண், பெயர், தகப்பனார் பெயர், சேர்ந்த தேதி, விடுவித்த தேதி. குறைவுதான். ஆனால் ஜெராக்ஸில் தேய்ந்து படிக்க முடியாமல் இருந்த சேர்ந்த மாதம் இதில் தெளிவாக இருந்தது: 1942 மார்ச்.

வயதில் மட்டும் ஒரு முரண். சேரும்போது 20 என்று டிஸ்சார்ஜில் இருக்கிறது. மகளிடம் இருந்த ஜாதகமோ கொல்லம் 1099 ஆவணி என்கிறது. அதாவது 1923. பதினெட்டரை வயசுப் பையன் ஒன்றரை வயதைக் கூட்டிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். கொல்லம் ஆண்டோடு 824 கூட்ட வேண்டும், முற்பாதி பிற்பாதி பார்த்து ஒன்று கூடும். நம் பக்கத்துப் பழைய காகிதங்களைத் தொடுகிறவர்களுக்கு இது விரல் நுனியில் இருக்க வேண்டிய கணக்கு.

டிஸ்சார்ஜ் ஜெராக்ஸில் நான் அதிக நேரம் பார்த்தது யாரும் பார்க்காத மூன்று கட்டங்களை. ஒன்று, அருகில் உள்ள ரயில் நிலையம்: டின்னவெல்லி. இன்று நாங்குநேரியிலேயே ரயில் நிற்கிறதே என்று பேரன் கேட்டார். நாகர்கோவில் பாதை வந்தது 1981-ல்தான். அதுவரை இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் திருநெல்வேலிதான் ரயிலடி. இரண்டு, தொழில்: டிரைவர், கிளாஸ் 2, 1944 ஏப்ரல் முதல். டிரைவர்களுக்கு கிளாஸ் ஏறினால் சம்பளமும் ஏறும். மூன்று, கல்வி: ரோமன் உருது, மூன்றாம் வகுப்புச் சான்று. அன்றைய இந்திய ராணுவத்தில் பேச்சு உருது, எழுத்து ஆங்கில எழுத்து. தமிழில் அ, ஆ தெரியாமல் போனவர் பட்டாளத்தில் ஏ, பி, சி கற்றுக்கொண்டிருக்கிறார்.

கம்பெனியின் எண்ணும் அந்த ஜெராக்ஸில் இருந்தது. போர்முனையில் இருந்த ஒவ்வொரு யூனிட்டும் தினசரி நடவடிக்கைக் குறிப்பு எழுத வேண்டும். தென்கிழக்கு ஆசியப் போர்முனையின் குறிப்புகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 172 என்ற வரிசையில் இருக்கின்றன. பணம் கட்டினால் படி எடுத்து அனுப்புவார்கள். பேரன் கட்டினார். வந்ததில் வீர சாகசம் எதுவும் இல்லை. எத்தனை லாரி ஓடுகிறது, எத்தனை பழுது, ஏற்றியது ரேஷனா பெட்ரோலா குண்டுகளா, மலேரியாவில் எத்தனை பேர். சிப்பாய்களின் பெயர் அதில் வராது. ஜூலை மாதப் பக்கத்தில் கம்பெனி திமாப்பூர் வந்து சேர்ந்ததும், ஆகஸ்டிலிருந்து கோஹிமா வழியாக இம்பாலுக்கு ஓடியதும் இருக்கிறது. அடைபட்டிருந்த அந்தச் சாலை மைல்கல் 109-ல் திறந்தது 1944 ஜூன் 22. அதன் பிறகு இம்பாலில் இருந்த படைக்குச் சாப்பாடும் எண்ணெயும் போனதில் பெரும்பங்கு அந்த ஒரே மலைச் சாலையில்தான். தாரண வருஷம் ஆடி மாதக் கடிதத்தில் மூன்றாவது கையெழுத்துக்காரர் எழுதியிருப்பது இதைத்தான்: "ஒரு பக்கம் மலை ஒரு பக்கம் பாதாளம். மழை விடவில்லை. வண்டி சகதியில் வழுக்குது. முன்னால போன வண்டி கண்ணு முன்னால காணாமப் போச்சி. நான் சுகம்."

பேரனுக்கு இது கொஞ்சம் ஏமாற்றம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மழைக்காலத்தில் அந்த ரோட்டில் லோடு லாரி ஓட்டுவதை ஒரு மாதிரிச் சண்டை என்றே சொல்வேன்.

சரி, பணம் ஏன் நின்றது?

பெட்டியில் இல்லாத துண்டுகள்

கம்பியில் இருந்த துண்டுகள் 23. எல்லாமே பெரியவரின் தகப்பனார் பெயருக்கு வந்தவை. 1942-ல் எட்டு ரூபாய், 1943 முதல் பன்னிரண்டு. சிப்பாய் தன் சம்பளத்தில் இவ்வளவு வீட்டுக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அலுவலகமே மாதாமாதம் மணியார்டரில் அனுப்பிவிடும். ஆள் ஆஸ்பத்திரியில் இருந்தாலும் காட்டில் இருந்தாலும் அது பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும். அது திடீரென்று நிற்பது அபூர்வம், பெறுபவர் பெயர் மாறினால் ஒழிய.

மகளிடம் கேட்டேன்: "அக்கா, அம்மா பேருக்குப் பணம் ஏதும் வந்ததா?" கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளே போனார். அரங்கு வீட்டில் அம்மாவின் சேலைப் பெட்டியிலிருந்து துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்துவந்தார். "துண்டு துண்டாக் காயிதம் கெடக்கு. கடுதாசி இல்லியே, இது எதுக்குன்னு நான் சொல்லல."

22 துண்டுகள். 1944 ஜூலை முதல் 1946 ஜூன் வரை, இடையில் இரண்டு மட்டும் இல்லை. பெறுபவர் பெரியவரின் மனைவி. தொகை இருபது ரூபாய். ஒவ்வொன்றும் நான்காக மடித்தது.

கோஹிமாவில் காணாமல் போன கதை அத்தோடு முடிந்தது. கிளாஸ் ஏறியிருக்கிறது, பணம் கூடியிருக்கிறது, பெயர் மாறியிருக்கிறது. கம்பிக்குப் போக வேண்டிய துண்டு சேலைப் பெட்டிக்குப் போயிருக்கிறது.

இதுவரை சொல்லாதது ஒன்று உண்டு: சில இங்கிலீஷ் வரிகள். 34 கடிதங்களில் ஒன்றின் அடியில் பென்சிலால் மூன்று வரி ஆங்கில எழுத்தில் இருந்தது. சென்சார் அதிகாரி எழுதிய குறிப்பு என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள், யாரும் படித்ததில்லை. மேலே கடிதம் கர்த்தருடைய கிருபையால்காரரின் அழகான கை. கீழே கோணல் கோணலாக, குழந்தை எழுதியது மாதிரி பெரிய எழுத்து. எந்த அதிகாரியும் இப்படி எழுதமாட்டார். எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தேன். இங்கிலீஷ் இல்லை, தமிழ். இன்று பேரப்பிள்ளைகள் வாட்ஸாப்பில் தட்டுகிற மாதிரியான தமிழ்.

"பணம் இருபது வரும். அய்யா கையில் பன்னிரண்டு கொடு. எட்டு உன்கிட்ட இருக்கட்டும்."

தாரண வருஷம் வைகாசிக் கடிதம் அது. பணம் மாறுவதற்கு ஒரு மாதம் முன்பு. 34 கடிதங்களிலும் அவர் தன் கையால் எழுதியது இந்த மூன்று வரிதான். பட்டாளத்தில் கற்ற எழுத்து என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எழுதிக் கொடுத்தவரிடம் கூடச் சொல்ல விரும்பவில்லை, ஊரில் வாசித்துக் காட்டும் வாத்தியாருக்கும் புரியக் கூடாது. அப்படியானால் அந்த அம்மாவுக்கு யார் படித்துச் சொன்னது? 11 உறைகளில் ஒன்று அந்த மாதத்து முத்திரையோடு களக்காட்டுப் பக்கம் மனைவியின் பிறந்த வீட்டு முகவரிக்கு, மைத்துனர் பெயருக்குப் போயிருக்கிறது. மைத்துனர் அப்போது பாளையங்கோட்டையில் ஹைஸ்கூல் மாணவர். கடிதமும் உறையும் ஒரே தாள், ஒரே மடிப்பு. இதற்கு மேல் ஊகம் தேவைப்படவில்லை. தபால்காரருக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்காது. அவர் பங்குக்கு இரண்டு கருப்பட்டியாவது போயிருக்கும்.

அடுத்த காகிதம் சார்பதிவாளர் அலுவலகத்தில். வில்லங்கம் போட்டுப் பார்த்ததில் 1946 ஆகஸ்டில் பதிவான ஒரு கிரயப் பத்திரம்: புஞ்சை 46 சென்ட், 240 ரூபாய், வாங்கியவர் பெரியவரின் மனைவி. 24 மாதம் எட்டு ரூபாய் என்றால் 192. மீதிக்கு அவர் கையோடு கொண்டுவந்த பணம் இருந்திருக்கும். "அம்மைக்கு அந்த நெலம் எப்படி வந்துதுன்னு சித்தப்பா வீட்டுல ரொம்ப நாளு பேசுனாவ. அம்மையோட அண்ணன்மாரு குடுத்ததுன்னுதான் நாங்களும் நெனச்சோம்" என்றார் மகள்.

இங்கே ஒரு சங்கடம் வந்தது. பேரன் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து குடும்ப வாட்ஸாப் குழுவில் போட இருந்தார். அந்தக் குழுவில் தம்பி வழியினரும் இருக்கிறார்கள், கம்பி அவர்களுடையது. அந்த மூன்று வரியைப் போட்டால், 80 வருஷத்துக்கு முன்னால் எங்கள் தாத்தாவை ஏமாற்றினார்கள் என்று ஒருவர் தொடங்கலாம். போட வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை, போடுங்கள் என்றும் சொல்லவில்லை. மகள் சொல்கிறபடி செய்யுங்கள் என்றேன். இதில் உரிமை அவருக்குத்தான் என்று நினைக்கிறேன். காகிதம் சேர்க்க வருகிறவன் அதைக் கவனமாக எழுதி வைக்கலாம், யாருக்குக் காட்டுவது என்று முடிவெடுக்க முடியாது. அவர் நேராகவே சொன்னார்: "மறைக்க என்ன இருக்கு. ரெண்டு வீட்டாளும் செத்துப் போனாவ. அவியளக் கூப்பிட்டு நானே சொல்லுதேன்."

சொன்னார். சண்டை எதுவும் வரவில்லை. வந்தது இன்னொரு காகிதம். தம்பி வழிப் பேரன் ஒருவர் பழைய வீட்டு மச்சிலிருந்து ஒரு பற்று வரவு நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். பெரியவரின் தகப்பனார் யாரையோ வைத்து எழுதிய கணக்கு. வண்டிக் கூலி, விதை நெல், கோயில் வரி என்று. 1942 முதல் மாதாமாதம் 'பட்டாளத்துப் பணம்' என்று ஒரு வரி. எட்டு, எட்டு, பிறகு பன்னிரண்டு. கம்பியில் துண்டு நின்ற ஜூலைக்குப் பிறகும் அந்த வரி நிற்கவில்லை, 1946 ஜூன் வரை போகிறது. நாங்கள் மூன்று கட்டிலும் இருந்த தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். மணியார்டர் துண்டில் அஞ்சலக முத்திரை விழுந்த அதே நாளோ மறுநாளோ நோட்டில் வரவு.

ஒரே ஒரு வித்தியாசம். 1945 முழுக்கப் பல மாதங்களில் பன்னிரண்டுக்குப் பதில் பத்து என்றுதான் வரவு இருக்கிறது. மகள் நோட்டைக் கையில் வாங்கி, விரலை வைத்து ஒவ்வொரு மாதமாகப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "எங்கம்மையும் லேசுப்பட்டவ இல்ல பாத்துக்கிடுங்க."

192 என்று நான் போட்ட கணக்கைத் திருத்த வேண்டியிருக்கிறது.